மூடுவதற்கு முன்: ஒரு குளியலறையைப் பிரித்துக் கட்டிய 19 நாட்கள்

படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஓதம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. முதல் முறை பெயின்டரைக் கூப்பிட்டோம். சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி உதிர்ந்தது. அடுத்து வந்தவர் குளியலறை டைல்ஸ் இடுக்குகளைக் கீறிப் புதிதாக கிரவுட் நிரப்பினார். அது எட்டு மாதம் தாங்கியது. ஓதம் முழங்கால் உயரத்துக்கு ஏறிய பிறகுதான் ஒன்று உறைத்தது. இரண்டு முறையும் ஆளைத்தான் தேடியிருக்கிறோம், காரணத்தைத் தேடவே இல்லை.

இந்த முறை யாரையும் கூப்பிடும் முன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிட முடிவு செய்தோம். குளியலறையிலிருந்து சுவருக்குத் தண்ணீர் போகப் பெரும்பாலும் மூன்று வழிகள்: அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய், தரை. ஓதத்தின் விளிம்பு ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்துப் பக்கத்தில் தேதியை எழுதினேன். முதல் பத்து நாள் அந்தக் குளியலறைக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு எல்லோரும் இன்னொரு குளியலறையைப் பயன்படுத்தினோம். ஓதம் கோட்டைத் தாண்டவில்லை, ஓரம் கொஞ்சம் வெளுக்கவும் செய்தது. அடுத்த பத்து நாள் வால்வைத் திறந்து வைத்தோம், ஆனால் உள்ளே யாரும் குளிக்கவில்லை. அப்போதும் அப்படியே இருந்தது. வரும் குழாயில் ஓட்டை இருந்தால் அது இரவு பகலாக ஒழுகும், பத்து நாளில் காட்டிக் கொடுத்திருக்கும்.

மூன்றாவதாக, தரைத் தண்ணீர் வடிந்து கழிவுக் குழாய்க்குப் போகும் ட்ராப்பின் வாயை ஈரத்துணி சுருட்டி அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினோம். இரண்டு நாளில் ஓதம் ஒரு விரற்கடை கோட்டைத் தாண்டியது. துணியை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டோம். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு விரற்கடை. ஆக, தரையும் சரியில்லை, ட்ராப்பும் கழிவுக் குழாயும் சேரும் இடமும் சரியில்லை. காசு செலவில்லாத இந்த மூன்று வாரம்தான் பின்னால் வந்த எல்லா முடிவுக்கும் அடிப்படை. வேலைக்கு வருகிறவரிடம் “சுவரில் ஓதம்” என்று சொல்வதும், “ட்ராப் பக்கம் இறங்குகிறது, இதோ கோடு, இதோ தேதி” என்று சொல்வதும் ஒன்றல்ல.

அப்புறம் ஒரு தாளை எடுத்து வேலையை எழுதினோம். தலைக்குள் இருக்கும்வரை எல்லா வேலையும் சின்னதாகத்தான் தெரியும். தாளின் நடுவே கோடு கிழித்து, செய்தே ஆகவேண்டியதை இடப்பக்கமும், செய்தால் நன்றாக இருக்கும் என்பதை வலப்பக்கமும் போட்டோம். தரையை உடைத்துத் தளம் வரை போவது, ட்ராப்பும் கழிவுக் குழாயும் புதிது, நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ் எல்லாம் இடப்பக்கம். சோப்பு வைக்கச் சுவருக்குள் பதித்த மாடம், பெரிய ஷவர் இரண்டும் வலப்பக்கம். மாடத்தை மனதே இல்லாமல்தான் அடித்தோம். தண்ணீர் படும் சுவரில் ஒரு மாடம் என்றால் புதிதாகப் பல ஓரங்கள், அத்தனையிலும் பூச்சு பிசகாமல் ஏற வேண்டும். சுவருக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாய் மட்டும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு வந்தது. இன்று அது ஒழுகவில்லைதான். ஆனால் உள்ளே துருவேறிய குழாயின் மேல் புது டைல்ஸை ஒட்டிவிட்டு, பிறகு அது ஒழுகும் நாளை எதிர்பார்த்துக் கொண்டிருக்க முடியாது.

அளவுகளையும் நாங்களே எடுத்தோம். தரை 8 அடிக்கு 5 அடி, அதாவது 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, 7 அடி உயரம் வரை டைல்ஸ், கதவுத் திறப்பைக் கழித்தால் ஏறக்குறைய 165 சதுர அடி. வெட்டும்போது உடைவதற்கும் நாளைக்கு ஒன்று விரிசல் விட்டால் மாற்றுவதற்கும் பத்து சதவீதம் கூடுதல். தரைக்கு ஓரடிச் சதுர டைல்ஸ் 44, சுவருக்கு ஓரடிக்கு ஈரடி டைல்ஸ் 91. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதானா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். ஒரே பெயர், ஒரே நிறம் என்று சொல்லி வந்தாலும், வேறு பேட்ச் என்றால் சுவரில் ஒட்டிய பிறகு அந்த வரிசை தனியாகத் தெரியும்.

மொத்தக் கணக்கில் 15 சதவீதத்தைத் தொடாத பணமாக ஒதுக்கி வைத்தோம். பழைய கட்டடத்தை உடைக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சரி, ஆள்.

மூன்று பேரை வரச்சொல்லி, மூவரிடமும் அந்தத் தாளின் நகலைக் கொடுத்தேன். முதலாமவர் குளியலறை வாசலில் நின்றபடியே பார்த்தார். உள்ளே காலை வைக்கவில்லை. இரண்டே நிமிடத்தில் ஒரு தொகை, “நாலு நாள்ல முடிச்சுடலாம்” என்ற உறுதி. இரண்டாமவர் நன்றாகப் பேசினார், கைபேசியில் அழகழகான படங்கள் காட்டினார். இவற்றில் ஒன்றை நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன், பதில் சரியாக வரவில்லை. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார்.

மூன்றாவதாக வந்த மேஸ்திரி தாளை முழுக்கப் படித்தார். படுக்கையறைக்குப் போய்ப் பென்சில் கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓதத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். குளியலறைக்குள் வந்து, கரண்டிப் பிடியால் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். ட்ராப்பைச் சுற்றியிருந்த நாலு டைல்ஸிலும் சத்தம் மாறியது. “கீழ காலி மா” என்றார். பிறகு கேள்விகள் வந்தன. தளம் தாழ்த்திக் கட்டியதா? எவ்வளவு ஆழம்? கீழே யார் இருக்கிறார்கள்? வென்னீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? வேலை நடக்கும் நாட்களில் உங்களுக்கு இன்னொரு குளியலறை இருக்கிறதா? தொகையை அன்று சொல்லவே இல்லை. “ரெண்டு தடவ தண்ணி நிறுத்திப் பாக்கணும், அதுக்கே நாலு நாள் போயிடும். அவசரம்னா நான் சரிப்பட மாட்டேன்” என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த தொகைதான் மூன்றிலும் அதிகம். வீட்டில் அதைப் பற்றிக் கொஞ்சம் வாக்குவாதமும் நடந்தது. பிறகு மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பொருத்திப் பார்த்தோம். முதலாமவரின் தொகையில் இடிபாடு அள்ளுவது இல்லை, ட்ராப் இல்லை, நீர்த்தடுப்பு என்ற சொல்லே இல்லை. இரண்டாமவர் “வாட்டர்புரூஃப் செய்து தரப்படும்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். எந்தப் பொருள், எத்தனை கை, சுவரில் எந்த உயரம் வரை என்று ஒன்றும் இல்லை. விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது மூன்று தொகைகளும் அருகருகே வந்துவிட்டன. வெறும் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்போம்.

ஆனாலும் உடனே சரி சொல்லிவிடவில்லை. நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையைக் காட்டச் சொன்னோம். முடிந்த வேலையை யார் வேண்டுமானாலும் துடைத்துக் காட்டலாம், பாதியில் நிற்கும் வேலையில்தான் கை தெரியும். அங்கே கலவை தரையில் சிதறாமல் பலகையின் மேல் இருந்தது, கழிவுக் குழாய்களின் வாயெல்லாம் சாக்குச் சுருட்டி அடைத்திருந்தது. அடைக்காவிட்டால் உடைசல் உள்ளே விழுந்து குழாய் அடைத்துக்கொள்ளும், அதை யாரும் அன்றே கவனிக்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு முன் அவரிடம் வேலை வாங்கிய ஒருவரிடமும் பேசினேன். “நன்றாகச் செய்வாரா?” என்று கேட்கவில்லை, அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்து பணம் வாங்கிய பிறகு கூப்பிட்டால் வந்தாரா, பேசிய தொகைக்கு மேல் போனதா, போனது என்றால் எதற்கு என்று கேட்டேன். இரண்டு முறை வந்தார் என்றும், கூடுதல் ஒன்று வந்தபோது முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் செய்தார் என்றும் பதில் கிடைத்தது. எங்களுக்கு அது போதும்.

உடன்படிக்கை ஒரே பக்கம்தான். எந்தச் சாமானை யார் வாங்குவது, இடிபாட்டை யார் அப்புறப்படுத்துவது, எந்த நேரத்துக்கு வந்து எந்த நேரத்துக்குக் கிளம்புவது என்பதெல்லாம் அதில் இருந்தன. முக்கியமானவை மூன்று. எந்த வேலையையும் மூடுவதற்கு முன் சோதித்து, நான் பார்த்த பிறகே அடுத்த கட்டம். பணமும் அந்தச் சோதனைகளோடு கட்டப்பட்டது: தொடங்க 10 சதவீதம், குழாய்ச் சோதனை முடிந்ததும் 25, நீர்த்தடுப்புச் சோதனை முடிந்ததும் 30, டைல்ஸ் முடிந்ததும் 25, இரண்டு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு மீதி 10. தேதிக்குப் பணம் என்றால் வேலை முடியாமலே தேதி வந்துவிடும். மாற்றம் எதுவானாலும், சின்னதானாலும், செய்வதற்கு முன் தொகையோடு எழுதிக் கையெழுத்து. “இப்படி எழுதிட்டா எனக்கும் நிம்மதிதான்” என்றார் மேஸ்திரி. நடுவில் வீட்டுக்காரர் மனம் மாறி, பிறகு பணம் தர மறுத்த அனுபவம் அவருக்கும் இருந்தது.

முதல் மூன்று நாள் உடைப்பு. மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி, கதவுக்கு வெளியே ஈரத் துணித்திரை கட்டியும் வீடெங்கும் தூசி. தாழ்த்திய தளத்தை நிரப்பியிருந்த செங்கல் துண்டுகளை அள்ள அள்ள ஈரம். அடியில் இருந்தவை கையில் எடுத்தால் தண்ணீர் சொட்டின. ட்ராப்பைச் சுற்றிய கடைசித் துண்டுகளை எடுத்ததும் காரணம் கண்முன் வந்தது. ட்ராப்பின் கழுத்து கழிவுக் குழாய்க்குள் சரியாக இறங்கவே இல்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி, அதைச் சிமென்டால் பூசி மறைத்திருந்தார்கள். சிமென்ட் விரிசல் விட்டதும் குளித்த தண்ணீரில் ஒரு பங்கு நேராகச் செங்கல் நிரப்புக்குள் போயிருக்கிறது. அதன் மேல் இருந்த டைல்ஸுக்குத்தான் இடுக்கு இடுக்காக கிரவுட் நிரப்பினோம்.

எதிர்பாராததும் ஒன்று வந்தது. டைல்ஸைப் பெயர்த்தபோது கதவு நிலையின் அடிக்கட்டை நாலு அங்குலத்துக்கு உளுத்துப்போயிருந்தது, ஸ்க்ரூடிரைவர் முனை அப்படியே உள்ளே இறங்கியது. ஒதுக்கி வைத்த 15 சதவீதத்தில் முதல் கை அங்கேதான் வைத்தோம். தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் அந்தப் பகுதியை வெட்டி மாற்றினார்கள். தளம் உலர ஐந்து நாள் விட்டோம். அந்த ஐந்து நாளும் எங்கள் திட்டத்தில் இல்லாதவை.

குழாய் வேலைக்கு மேஸ்திரி தனக்குத் தெரிந்த பிளம்பரை அழைத்து வந்தார். சுவரில் காடி வெட்டி, வென்னீர், தண்ணீர் இரண்டுக்கும் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் ஓட்டினார்கள். பசை ஒரு நாள் முழுக்க உலர்ந்த பிறகு, காடியை மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை. குழாய் முனைகளையெல்லாம் மூடி போட்டு அடைத்து, ஒரு முனையில் கைப்பம்பை மாட்டி, வீட்டில் வழக்கமாக வருவதைவிட அதிக அழுத்தம் ஏற்றினார்கள். மீட்டர் முள் 6 பாரில் நின்றது. பிளம்பர் “நிக்குது பாருங்க” என்று பம்பைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். மேஸ்திரி தடுத்து, நாலு மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்றார். மதியம் போய்ப் பார்த்தால் முள் ஐந்தரையில் இருந்தது. மூட்டு மூட்டாகக் காய்ந்த தாளை ஒற்றிக்கொண்டே போனோம். ஷவர் வால்வுக்குப் பின்னால் இருக்கும் எல்போவில், அதாவது குழாய் திரும்பும் மூட்டில், தாள் நனைந்தது. கண்ணுக்குச் சொட்டு எதுவும் தெரியவில்லை, தாளில் மட்டும் ஒரு கடுகளவு ஈரம். அந்த மூட்டை வெட்டிப் புது எல்போ போட்டு, மறுபடி ஒரு நாள் காத்திருந்து, மறுபடி அழுத்தம். இந்த முறை முள் அசையவில்லை. அந்தக் கடுகளவு ஈரத்தின் மேல் சாந்து பூசி டைல்ஸ் ஒட்டியிருந்தால், அடுத்த வருடம் நான் மறுபடி பென்சிலோடு படுக்கையறைச் சுவரின் முன் உட்கார்ந்திருப்பேன்.

காடியை மூடும் முன் எல்லாச் சுவரையும் படம் எடுத்தேன். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரியும்படி, நீட்டிய அளவு நாடா ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது.

புது ட்ராப் முறையாகக் குழாய்க்குள் இறங்கி அமர்ந்தது. அதற்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும், கழிவுக் குழாயின் நாற்றத்தைத் தடுப்பது அதுதான். அடுத்து நீர்த்தடுப்பு, இந்த முழு வேலையின் உயிரே அதுதான். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கூரான மூலையாக விடாமல், கலவையால் உருட்டி வளைத்தார்கள். கட்டடம் துளி அசைந்தாலும் முதலில் பிளப்பது அந்த மூலைதான். பொடியும் திரவமும் கலந்து பூசும் இரு பொருள் பூச்சு, முதல் கை நீளவாக்கில், இரண்டாம் கை குறுக்குவாக்கில், மூலைகளிலும் ட்ராப்பைச் சுற்றியும் நடுவில் வலைத்துணி. சுவரில் ஓரடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி.

பூச்சு உலர்ந்ததும் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் நிறுத்தினோம், 48 மணி நேரம். மேஸ்திரி இங்கே ஒரு காரியம் செய்தார், அதை யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி அதே அறையில் வைத்து, வாளிக்குள்ளும் சுவரிலும் நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டார். “தரைல தண்ணி கொறைஞ்சா ஆவியாச்சா இறங்குச்சான்னு எப்படிச் சொல்வீங்க? வாளி ஒழுகாது இல்ல, அதுல கொறையறது ஆவியானது மட்டும்தான், அதுதான் சாட்சி.” இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம். வாளியில் கோட்டுக்குக் கீழே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்திருந்தது, தரையிலும் அதே ஒரு நூல். கீழ்வீட்டுக் கூரையையும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளத்தை நிரப்பி, ட்ராப் பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்துத் தரை போட்டு, அதன் மேல் மறுபடி பூச்சு, மறுபடி 48 மணி நேரம் தண்ணீர். இரண்டாவது சோதனையும் தேறியது.

டைல்ஸ் ஒட்ட வேறு கை வந்தது. அவர் வேகமானவர். டைல்ஸின் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் பசை உருண்டை வைத்து அழுத்தத் தொடங்கினார். நான் நிறுத்தச் சொன்னேன். உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் தண்ணீர் தேங்கும், கனமான பொருள் விழுந்தால் டைல்ஸும் அங்கேதான் விரிசல் விடும். மேஸ்திரியும் என் பக்கம் நின்றார். பல் கரண்டியால் முழுக்க இழுத்துப் பசை பரப்பி ஒட்டினால் நேரம் ஒன்றரைப் பங்கு ஆகும் என்றார் டைல்ஸ் ஒட்ட வந்தவர். ஆகட்டும், அதற்குரிய கூலியையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ். அது தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, வெறும் சிமென்ட் பாலில் பிடிப்பு வராது, அதனால்தான் ஒட்டும் பசை. அன்றன்றைய வேலையை மறுநாள் காலையில் மரக்கட்டையால் தட்டிப் பார்த்தோம். மூன்றில் சத்தம் வெறுமையாக வந்தது, மூன்றையும் எடுத்து மறுபடி ஒட்டினார். அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

மின்வேலைக்கு உரிமம் பெற்றவரைத் தனியாக அழைத்தோம். கொத்து வேலைக்கு வந்தவரையே அதையும் பார்க்கச் சொல்வது ஆபத்து. ஹீட்டருக்குத் தனி இணைப்பு, சரியான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பிரேக்கர். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவர் கிளம்பும் முன் என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

12 நாள் என்று தொடங்கிய வேலை 19 நாள் ஆனது. ஒதுக்கிய 15 சதவீதத்தில் 11 போனது: கதவு நிலை, பசைக் கூலி, இரண்டாவது எல்போ, இன்னும் சில்லறைகள். இரண்டு வாரம் குளித்து, துவைத்து, தண்ணீரைத் தாராளமாக ஊற்றிப் புழங்கினோம். பென்சில் கோட்டைத் தாண்டி எதுவும் வரவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கடைசிப் பத்து சதவீதத்தைக் கொடுத்தபோது அவர் முதலில் போனது குளியலறைக்கு இல்லை, படுக்கையறைக்கு. குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். “இன்னும் ஒரு மாசம் காயட்டும், அவசரப்பட்டுப் பெயின்ட் அடிக்காதீங்க மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் தேதி எழுதிய கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

போன வாரம் துண்டு போடக் கம்பி மாட்ட வேண்டியிருந்தது. டிரில்லை எடுக்கும் முன் அந்தச் சுவரின் படத்தைத் திறந்து பார்த்தேன். வென்னீர்க் குழாய் மூலையிலிருந்து 14 அங்குலத்தில் நேராக மேலே போகிறது. கம்பியைச் சரியாக அந்த இடத்தில்தான் வைக்க நினைத்திருந்தேன். ஐந்து அங்குலம் வலப்பக்கம் தள்ளிக் குறி வைத்துத் துளை போட்டேன்.